அஸ்திவாரத்துக்கு அடியில் ஒரு சாதி வரி

மண்ணுக்கு ஏது சாதி என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மண்ணுக்குச் சாதி இல்லைதான். ஆனால் மண்ணையே சாதி வாரியாகப் பிரித்து எழுதி வைத்தவர்கள் இந்த நாட்டில் இருந்தார்கள். ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை, வீடு கட்டும் நிலத்தை நிறம் பார்த்து நான்காகப் பிரிக்கிறது. வெள்ளை மண் பார்ப்பனருக்கு, சிவப்பு சத்திரியருக்கு, மஞ்சள் வைசியருக்கு, கறுப்பு சூத்திரருக்கு. மண்ணின் மணத்தையும் அப்படியே பிரிக்கிறது. நான்கு வருணத்துக்கு வெளியே தள்ளப்பட்டவர்களுக்கு அந்தப் பட்டியலில் எந்த நிறமும் ஒதுக்கப்படவில்லை. காலையில் தொலைக்காட்சியில் உட்கார்ந்து வாஸ்து சொல்கிறவர்கள் இந்தப் பகுதியை நமக்கு வாசித்துக் காட்டுவதில்லை.

இன்றைய அரசு மதிப்பீட்டுத் தாளில் இந்தப் பிரிவினை கிடையாது. ஏழைகளுக்கான வீட்டுத் திட்டத்தில் செம்மண் பூமிக்காரருக்கும், வயல் களிமண்ணில் மனை வாங்கியவருக்கும், கரிசல் காட்டுக்காரருக்கும் ஒரே தொகைதான். பார்வைக்கு இது சமத்துவம். பத்து ஆண்டுகளாகக் கடலூர், திருவாரூர் மாவட்டங்களில் சிறு வீடுகளுக்கு மதிப்பீடு போட்டு, வானம் தோண்டும் இடத்தில் நாள் முழுவதும் நிற்கும் ஒரு டிப்ளமோ பொறியாளன் என்ற முறையில் சொல்கிறேன்: இது சமத்துவம் இல்லை. மோசமான மண்ணுக்கு யார் துரத்தப்பட்டார்களோ, அவர்களிடமே அந்த மண்ணுக்கான அபராதத்தையும் வசூலிக்கும் ஏற்பாடு. இதைச் சாதி வரி என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

மண்ணுக்குள் போகும் பணம்

கட்டிட வேலை தெரியாத தோழர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

சுவர், கூரை, உள்ளே இருக்கும் பீரோ, மனிதர்கள் என்று ஒரு வீட்டின் எடை முழுவதையும் கடைசியில் தாங்குவது மண். அஸ்திவாரம் பற்றிய இந்தியத் தர விதி 1904, எந்த மண் எவ்வளவு தாங்கும் என்று ஒரு பட்டியல் தருகிறது. கெட்டிப்பட்ட சரளை மண் சதுர மீட்டருக்கு 45 டன் தாங்கும். பெருவிரலால் ஓரளவு அழுத்தினாலே பள்ளம் விழும் இளகிய களிமண் 10 டன். பெருவிரல் சில சென்டிமீட்டர் உள்ளே இறங்கிவிடும் மிக இளகிய களிமண் 5 டன். பள்ளத்தில் கொட்டி நிரப்பிய மண்ணுக்கு அந்தப் பட்டியலில் எண்ணே இல்லை. சோதித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்கிறது.

எடை தாங்குவது பாதிக் கதைதான். களிமண்ணும் கரிசலும் சும்மா கிடப்பதில்லை. மழையில் தண்ணீர் குடித்து உப்பும், கோடையில் காய்ந்து சுருங்கும். கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டைப் பக்கம் சித்திரையில் நடந்து பார்த்தவர்களுக்கு அந்த வெடிப்பு தெரியும். கை உள்ளே போகும். ஆண்டுக்கு ஒருமுறை தூக்கி இறக்கும் இந்த மண்ணில் மூன்றடி வானம் தோண்டிச் சுவர் எழுப்பினால், இரண்டாம் கோடையில் ஜன்னல் மூலையிலிருந்து குறுக்கே கோடு விழும். மூன்றாம் கோடையில் கதவு சாத்தாது.

இதற்குத் தீர்வு தெரியாமல் இல்லை. மண் அசையும் ஆழத்துக்கும் கீழே போய் ஊன்றி, அடியில் குமிழ் போல அகன்று நிற்கும் கான்கிரீட் பைல் முறையை ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் மண்ணுக்காகவே உருவாக்கி எத்தனையோ பத்தாண்டுகள் ஆகின்றன. அதற்கென்று தனித் தர விதியும் இருக்கிறது. துளை போட ஆள், கருவி, கம்பிக் கூடு, பைல்களை இணைக்கும் பீம் எல்லாம் அதற்கு வேண்டும். அரசு கட்டும் பாலத்துக்கும் அலுவலகத்துக்கும் இவை கிடைக்கும். காலனி வீட்டுக்குக் கிடைக்காது.

சாதாரணக் கல் அஸ்திவாரத்தையே எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். தமிழ்நாடு அரசின் கலைஞர் கனவு இல்லத் திட்டம் சொல்லும் அளவு 360 சதுர அடி. நீளம் 20 அடி, அகலம் 18 அடி என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சுவர் 76 அடி, குறுக்கே ஒரு சுவர் 18 அடி, ஆக மொத்தம் 94 அடி நீளத்துக்கு அஸ்திவாரம்.

சரளை மண்ணில் இரண்டரை அடி அகலம், மூன்றடி ஆழம் போதும். தோண்டி நிரப்ப வேண்டியது 705 கன அடி. இளகிய களிமண்ணில் நான்கடி அகலம், ஐந்தடி ஆழம் போகாமல் எந்தப் பொறுப்புள்ள மேஸ்திரியும் கல் வைக்கச் சம்மதிக்க மாட்டார். அது 1,880 கன அடி. அதாவது இரண்டரை மடங்குக்கும் மேல். மணல், கல், ஜல்லி, சிமெண்ட், கூலி என்று எல்லாமே இந்தக் கணக்கோடு சேர்ந்து ஏறும்.

அடுத்தது பேஸ்மட்டம். சாலைக்குச் சமமாக இருக்கும் மனையில் ஒன்றரை அடி பேஸ்மட்டம் எழுப்பினால் போதும். சுவர் நிற்கும் இடம் போக உள்ளே இருக்கும் 290 சதுர அடிக்கு 435 கன அடி மண் அடிக்க வேண்டும். சாலையை விட மூன்றடி பள்ளத்தில் கிடக்கும் மனையிலோ நாலரை அடி எழுப்ப வேண்டும். 1,305 கன அடி. மூன்று மடங்கு. மண்ணோடு பேஸ்மட்டச் சுவரும் மூன்று மடங்கு உயரம். களிமண் வானத்தில் தண்ணீர் ஊறும். மோட்டார் வைத்து இறைக்க வேண்டும், ஓரம் சரிந்தால் திரும்பத் தோண்ட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வேலையே நடக்காது. வண்டி வரப் பாதை இல்லாத காலனியாக இருந்தால் டிப்பர் சாலையோடு கொட்டிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து பாண்டு பாண்டாகத் தலைச்சுமையில் கொண்டுவரும் கூலி தனி.

நல்ல மண்ணில் மொத்தச் செலவில் பத்தில் ஒன்று, மிஞ்சிப்போனால் ஏழில் ஒன்று அஸ்திவாரத்துக்குப் போகும் என்பது தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கு. மேலே பார்த்த மனையில் அந்தக் கணக்கு எங்கே நிற்கும்? விலைவாசியை நீங்களே உங்கள் ஊரில் விசாரித்துப் பெருக்கிப் பாருங்கள். இந்தப் பணத்தில் ஒரு ரூபாய் கூட அந்தக் குடும்பத்துக்கு ஓர் அறையைக் கூடுதலாகத் தராது. அடுத்தவர் எந்த மட்டத்திலிருந்து வீடு கட்டத் தொடங்குகிறாரோ அந்த மட்டத்துக்கு வந்து சேருவதற்கே அது செலவாகிறது.

யார் எந்த மண்ணில்?

பள்ளத்தில் மனை இருப்பது தற்செயல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தமிழ்நாட்டுக் கிராமத்தை மழை பெய்த மறுநாள் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதே உங்களுக்கு ஊரையும் சேரியையும் பிரித்துக் காட்டிவிடும்.

ஊர் நத்தம் பெரும்பாலும் மேட்டில் இருக்கும். தலைமுறை தலைமுறையாக வீடு இடிந்து வீடு எழும்பி, மண் கெட்டிப்பட்டு உயர்ந்த இடம் அது. சேரி வயலோரத்தில், ஏரியின் நீர்ப்பிடிப்பில், வாய்க்கால் வடியும் பக்கத்தில், சுடுகாட்டுப் பாதையில் இருக்கும். தீண்டப்படாதோர் குடியிருப்பு ஊருக்கு எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்பதில் தொடங்கி, அவர்கள் ஓட்டு வீடு கட்டுவதே எப்படிக் குற்றமாகக் கருதப்பட்டது என்பது வரை அம்பேத்கர் பட்டியல் போட்டுக் காட்டியிருக்கிறார். ஓடு போடுவதே குற்றம் என்றால், ஓட்டைத் தாங்கும் சுவருக்கு அஸ்திவாரம் எதற்கு? மூங்கில் நட்டு ஓலை வேய எந்தப் பள்ளமும் போதும் என்பதுதான் அவர்கள் கணக்கு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிந்தது அப்படிப்பட்ட ஒரு ஓலைக் குடிசைக்குள்தான்.

அந்தப் பள்ளமும் அவர்களுக்குச் சொந்தமாக இருக்கவில்லை. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891-இல் பறையர் மக்களின் நிலை பற்றிக் கொடுத்த அறிக்கை, குடியிருக்கும் மனைகூட மிராசுதாரர் பிடியில் இருந்ததைச் சொல்கிறது. எதிர்த்துப் பேசினால் மனையை விட்டுத் துரத்தலாம். மனையே விலங்காக இருந்தது. அந்த அறிக்கைக்குப் பிறகு 1892-இல் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டன. ஒதுக்கியது தரிசு நிலத்தை. அதையும் பின்னாளில் யார் யார் கைப்பற்றினார்கள் என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

விடுதலைக்குப் பிறகு வந்த சட்டங்களின் பயனை நான் மறுக்கவில்லை. 1971-இன் குடியிருப்பு அனுபோகதாரர் சட்டம் பண்ணையில் குடியிருந்தவர்களுக்கு அந்த மனையைச் சொந்தமாக்கியது. 1978-இன் அரிசன நலத் திட்டங்களுக்கான நில எடுப்புச் சட்டம் மனை கொடுக்க நிலம் எடுக்க வழி செய்தது. இவை போராடிப் பெற்றவை. துரத்தும் அதிகாரத்தை அவை உடைத்தன. ஆனால் மண்ணை அவை மாற்றவில்லை. முதல் சட்டம் எந்தப் பள்ளத்தில் நிறுத்தப்பட்டிருந்தார்களோ அந்தப் பள்ளத்துக்கே பத்திரம் கொடுத்தது. இரண்டாவது சட்டத்தின்படி நிலம் எடுக்கப் போன இடங்களில் என்ன நடந்தது என்பதை எந்த ஊர்ப் பெரியவரிடமும் கேளுங்கள். மேட்டு நிலத்தைத் தொட்டால் வழக்கு, மறியல், சமாதானப் பேச்சு. கடைசியில் விளையாத வடிகால் தாக்கு மனையாகும். மூன்று சென்ட் இலவசப் பட்டா வாங்கிய மகிழ்ச்சியில் இருப்பவரிடம், அந்த மூன்று சென்ட் மூன்றடி பள்ளத்தில் இருப்பதை யாரும் சொல்வதில்லை. வானம் தோண்டும்போது அவரே தெரிந்துகொள்கிறார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. திருவாரூர் மாவட்டத்தில் அது 34 விழுக்காடு. நாகப்பட்டினத்தில் 31-க்கு மேல். இவை காவிரிக் கடைமடைக் களிமண் மாவட்டங்கள். நெல்லுக்கு உகந்த மண். அந்த நெல்லை விளைவித்தவர்களின் வீட்டுக்கு ஒவ்வாத மண்.

கூரைக்குக் காசு உண்டு, அஸ்திவாரத்துக்கு இல்லை

இப்போது அரசு தரும் தொகைக்கு வருவோம். பிரதமர் வீட்டுத் திட்டத்தின் ஊரகப் பிரிவில் சமவெளியில் ஒரு வீட்டுக்கு 1.20 லட்சம் ரூபாய். 2016-இல் தொடங்கியபோது வைத்த தொகை. தமிழ்நாடு அரசு கான்கிரீட் கூரைக்கென்று தன் பங்காகக் கூடுதல் பணம் சேர்க்கிறது. 2024-இல் அறிவித்த கலைஞர் கனவு இல்லத்துக்கு 3.50 லட்சம் ரூபாய். குடிசை இல்லாத தமிழ்நாடு என்பது அதன் முழக்கம். வரவேற்கிறேன். ஒன்றிய அரசு ஒதுக்கும் தொகையோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கவனியுங்கள். கூரைக்குத் தனித் தொகை உண்டு. கூரை கண்ணுக்குத் தெரியும். புகைப்படத்தில் வரும். திறப்பு விழாவில் அண்ணாந்து பார்க்கலாம். அஸ்திவாரம் புகைப்படத்தில் வராது. அதற்குத் தனித் தொகை எந்தத் திட்டத்திலும் கிடையாது. மண் எது என்ற கேள்விகூடக் கிடையாது. விண்ணப்பத்தில் சாதிச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் கேட்கிறார்கள். மனையின் மண் என்ன என்று ஒரு கட்டம்கூட இல்லை.

பணம் வரும் முறையும் நம் மக்களுக்கு எதிராகவே இருக்கிறது. எங்கள் பகுதியில் கட்டம் கட்டமாகத்தான் பணம் வருகிறது. பேஸ்மட்டம் எழும்பிப் படம் எடுத்த பிறகு ஒரு தவணை, லிண்டல் மட்டத்தில் ஒன்று, கூரை போட்டதும் ஒன்று. ஆகவே எந்த வேலைக்கு இந்த மண்ணில் மிக அதிகம் செலவாகிறதோ அந்த வேலையைக் கைக்காசில் முடித்தால்தான் அரசின் முதல் ரூபாய் வரும். கைக்காசு யாரிடம் இருக்கிறது?

போன ஆண்டு கடைமடைப் பக்கம் ஒரு காலனியில் நடந்ததைச் சொல்கிறேன். கணவர் இல்லாத, நடவு வேலைக்குப் போகும் ஒரு அக்கா. வானம் மூன்றடி தோண்டியதும் கரும் சேறு. நான் கம்பியை ஊன்றிப் பார்த்தேன். அழுத்தாமலே இறங்கியது. இன்னும் இரண்டடி போக வேண்டும், அகலமும் சேர்க்க வேண்டும் என்றேன். அவர் குழியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, ஊர்த்தெருவுல என் மொதலாளி வீட்டுக்கு மூணடிதான தோண்டுனீங்க. எனக்கு மட்டும் ஏன் அஞ்சு?"

மண் அப்படி என்று சொன்னேன். "மண்ண நானா தம்பி பாத்து வாங்குனேன்?" என்றார்.

மதிப்பீட்டில் கூடுதல் ஆழம் சேர்க்க முடியுமா என்று அலுவலகத்தில் கேட்டேன். அளவுப் படம் எல்லோருக்கும் ஒன்றுதான், வசதி இருந்தால் அவர்கள் பணத்தில் செய்துகொள்ளட்டும் என்று பதில் வந்தது. அந்த அக்கா செய்துகொண்டார். காதில் இருந்தது அடகுக்குப் போனது. மகளிர் குழுவில் ஒரு கடன், நுண்கடன் நிறுவனத்தில் ஒரு கடன். பேஸ்மட்டம் எழும்பியபோது அரசு அவருக்கு இன்னும் ஒரு ரூபாயும் தந்திருக்கவில்லை. வாரத் தவணை வசூலிக்கும் ஆள் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தார். இலவச வீடு என்று ஊரில் பேசிக்கொள்வது இதைத்தான்.

கடன் கிடைக்காதவர்கள் என்ன செய்வார்கள்? மூன்றடியிலேயே நிறுத்துவார்கள். பெல்ட் கான்கிரீட்டில் கம்பியைக் குறைப்பார்கள். கிராவலுக்குப் பதில் வயல் மண்ணையே உள்ளே அடிப்பார்கள். சில ஆண்டில் தரை இறங்கும், சுவர் பிளக்கும். அப்போது அதே அதிகார வர்க்கம் வந்து சொல்லும்: இவர்களுக்கு எது கொடுத்தாலும் பராமரிக்கத் தெரியாது. சுவர் வெடித்த, கூரையில் கம்பி துருத்திய தொகுப்பு வீடுகள் தமிழ்நாடு முழுவதும் நிற்கின்றன. அவற்றைக் காட்டி அந்த மக்களின் பழக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், எந்த மண்ணில் எத்தனை அடி தோண்டி அவற்றைக் கட்டினார்கள் என்று ஒருமுறையாவது கேட்டதுண்டா?

சாலைக்கும் இதில் பங்கு உண்டு. ஒவ்வொரு முறையும் பழைய சாலையின் மேலேயே புதுச் சாலையைப் போடுகிறார்கள். சாலை உயர உயர வீடு பள்ளத்துக்குப் போகிறது. சாலைக்குச் சமமாகக் கடன்பட்டு எழுப்பிய பேஸ்மட்டத்தைப் பதினைந்து ஆண்டில் தெருவே தாண்டிவிடுகிறது.

மேட்டில் சுவர், பள்ளத்தில் பிணம்

மண்ணும் சாதியும் சேர்ந்தால் பணம் மட்டும் போவதில்லை. 2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் அருகே நடூரில் இடிந்து விழுந்த மதில் சுவர் 17 பேரைக் கொன்றது. அத்தனை பேரும் தலித்துகள். சுவர் சுமார் இருபதடி உயரம். அதற்கு அடியில் ஓட்டு வீடுகள். அந்த மக்கள் அதைத் தீண்டாமைச் சுவர் என்றார்கள்.

அதைப் பற்றிப் பேசியவர்கள் பெரும்பாலும் மழையைக் குற்றம் சொன்னார்கள். ஒரு மதில் எவ்வளவு உயரமோ, அதற்கேற்ற அஸ்திவாரம் வேண்டும். பின்னால் மண் இருந்தால் நனைந்த மண்ணின் அழுத்தத்தைத் தாங்கும் கனம் வேண்டும், தண்ணீர் வடியத் துளை வேண்டும். கட்டிடப் படிப்பில் ஆரம்ப வகுப்பில் சொல்லித் தரும் பாடம் இது. தன் பங்களா சரிந்துவிடக் கூடாது என்று கணக்குப் போடத் தெரிந்த சமூகத்துக்கு, அந்தப் பக்கம் விழுந்தால் யார் மேல் விழும் என்று கணக்குப் போடத் தோன்றவில்லை. மேட்டில் இருப்பவரின் சிக்கனத்துக்குப் பள்ளத்தில் இருப்பவர் உயிரால் விலை கொடுத்தார்.

அவர்கள் சொல்லும் பதில்கள்

இதை எழுதினால் என்ன பதில் வரும் என்று தெரியும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"மற்ற சாதி ஏழைகளும் களிமண்ணில்தானே கட்டுகிறார்கள்?" ஆம், கட்டுகிறார்கள். மண்ணுக்கேற்ற தொகை என்ற கோரிக்கை நிறைவேறினால் அவர்களுக்கும் கிடைக்கும். அவர்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறோம். ஆனால் பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தின் தேசிய இலக்கில் குறைந்தது 60 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு என்று திட்டமே சொல்கிறது. பெரும்பான்மைப் பயனாளிகள் யார் என்று தெரிந்தும், அவர்கள் குடியிருக்கும் மண் எது என்று கேட்காமல் தொகையை நிர்ணயித்தால் அந்த மௌனத்துக்குச் சாதி உண்டு.

"வீட்டுக்கு வீடு தொகை மாற்றினால் நிர்வாகம் குழம்பிவிடும்." குழம்பாது. மலைப் பகுதிக்கும் கடினப் பகுதிக்கும் 1.20 லட்சத்துக்குப் பதில் 1.30 லட்சம் என்று அதே திட்டம் ஏற்கெனவே பிரித்துத்தான் தருகிறது. நிலத்தின் தன்மையால் செலவு கூடினால் தொகை கூட வேண்டும் என்ற கொள்கையை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. எது கடினப் பகுதி என்று அளவுகோல் வைத்து அறிவிக்கும் பொறுப்பை வழிகாட்டு நெறிகள் மாநிலங்களிடம் விட்டிருக்கின்றன. மலை ஏறுவது கடினம் என்று தெரிகிறவர்களுக்குச் சேற்றில் ஊன்றுவது கடினம் என்று ஏன் தெரியவில்லை? பத்தாயிரம் ரூபாய் வித்தியாசம் இந்தக் களிமண்ணுக்குப் போதாது என்பது வேறு சண்டை. முதலில் கொள்கை வரட்டும்.

"மண் பரிசோதனைக்குச் செலவாகும்." ஒரு சிறு பாலத்துக்கு மண் பரிசோதனை இல்லாமல் அரசு ஒப்பந்தப்புள்ளி கோருவதில்லை. அரசு பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் மண் ஆய்வுக் கூடங்கள் இருக்கின்றன, மாணவர்கள் இருக்கிறார்கள். ஒரு காலனிக்கு மூன்று இடத்தில் குழி போட்டுப் பார்த்தால் போதும், நூறு வீட்டுக்கு அது வழிகாட்டும். நூறு வீட்டுக்குப் பங்கிட்டால் அது ஒரு செலவே இல்லை.

"அவர்கள் ஆசைக்குப் பெரிதாகக் கட்டிக் கடனாகிறார்கள்." இதுதான் எனக்கு மிகக் கோபம் வரும் பதில். 360 சதுர அடியை யாரும் பெரிதாக்கவில்லை. கடன் பெரும்பாலும் மண்ணுக்குள் போயிருக்கிறது. அப்படியே ஒருவர் தன் பிள்ளைகளுக்காக ஓர் அறை கூடுதலாகக் கட்ட ஆசைப்பட்டால்தான் என்ன தவறு? ஓட்டு வீடு கட்டுவதே குற்றம் என்று சொன்ன அதே குரல்தான் இன்று ஆசை என்ற சொல்லில் பேசுகிறது. 1995-இல் கொடியங்குளத்தில் காவல்துறை புகுந்தபோது வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் தலித்துகள் சேர்த்த பொருள்களைத் தேடித் தேடி உடைத்ததும் அந்தக் குரலின் வேலைதான்.

ஒரே மண்ணில் கட்டிக் காட்டியவர்கள் நாம்

சாதியையும் மண்ணையும் பிரிக்க முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1997-இல் தொடங்கிய பெரியார் நினைவு சமத்துவபுரத் திட்டம். நூறு வீடுகள். 40 பட்டியல் சாதியினருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. அதன் குறைகளைப் பற்றி நிறைய விமர்சனம் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் ஒரு பொறியாளனாக அதில் நான் மதிக்கும் விஷயம் ஒன்று: அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் எந்தச் சாதியாக இருந்தாலும் வானத்தின் ஆழம் ஒன்றுதான். மேட்டு மனை ஒருவருக்கு, பள்ள மனை மற்றவருக்கு என்று ஊரின் பழைய வரைபடத்தை அங்கே கொண்டுவர முடியவில்லை. எல்லோரும் ஒரே மண்ணில் நின்றால் எல்லோருக்கும் ஒரே தொகை என்பது நியாயம். அந்த ஏற்பாட்டைச் செய்யாமல் தொகையை மட்டும் சமமாக்குவது ஏமாற்று.

எனவே நாம் கேட்க வேண்டியவை தெளிவாக இருக்கட்டும். வீட்டுத் திட்டத்தில் சேர்க்கும் ஒவ்வொரு காலனியிலும் வேலை தொடங்கும் முன் அரசு செலவில் மண் பரிசோதனை நடக்க வேண்டும். களிமண், கரிசல், நிரப்பிய மண் என்று வகை பிரித்து அஸ்திவாரத்துக்குத் தனித் தொகை வேண்டும். அதற்காகத் தமிழ்நாடு அரசு இந்த மண் பகுதிகளைக் கடினப் பகுதி என்று அறிவிக்க வேண்டும். முதல் தவணை வானம் தோண்டும் முன்பே வர வேண்டும். பள்ள மனைகளை மேடாக்கும் கிராவல் செலவை அரசு ஏற்க வேண்டும். காலனிச் சாலைகளைப் பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும். இனி கொடுக்கும் மனைப் பட்டா ஊரோடு சேர்ந்த மேட்டு நிலத்தில் இருக்க வேண்டும். கடைசிக் கோரிக்கை மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியது. அது நிறைவேறினால் மற்றவற்றில் பாதி தேவைப்படாது.

இதை வாசிக்கும் இளைய தோழர்களில் பலர் நகரத்தில் படித்துக்கொண்டும் வேலை பார்த்துக்கொண்டும் இருப்பீர்கள். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடும் நாள்களில் ஊருக்குப் போங்கள். உங்கள் ஊராட்சியில் இந்த ஆண்டு எத்தனை வீடுகளுக்கு அனுமதி வந்தது, எத்தனை மனையில் மண் பரிசோதனை செய்தார்கள் என்று இரண்டே கேள்வி கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் அதையே மாவட்ட அளவில் கேளுங்கள். சிவில் படிக்கும் தோழர்கள் விடுமுறையில் உங்கள் காலனியின் மட்டத்தை ஊர்த்தெரு மட்டத்தோடு அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். எத்தனை அடி வித்தியாசம் என்று தெரிந்தால் எத்தனை ரூபாய் என்று நான் கணக்குப் போட்டுத் தருகிறேன்.

"மண்ண நானா பாத்து வாங்குனேன்?" என்ற அந்த அக்காவின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர் இல்லை. அந்த மண்ணில் அவரை நிறுத்தியவர்கள் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கூடுதல் இரண்டடிக்கான பணத்தையும் அவர்கள்தான் கட்ட வேண்டும்.